ஆசிரியர் தினத்துக்கு முந்தைய நாளில் ஓர் ஆசிரியரின் வெற்றி

புது தில்லி, செப். 4: குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5, ஆசிரியர் தினமாக முதன்முதலில் கொண்டாடப்பட்டது 1962-ம் ஆண்டில். அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 4 அன்று, இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தை வென்றது. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளரும் ஓர் ஆசிரியர்தான். ஹைதராபாதைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் என்பது அவரது பெயர்.

ஆசிரியர் தினம் அன்று முதல் ஆண்டுதோறும் தவறாமல் கொண்டாடப்பட்டு வருகிறது. ஜகார்த்தாவில் கிடைத்த வெற்றியோ மீண்டும் கிட்டவேயில்லை. 2023-ம் ஆண்டு சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டி வரை, ஆடவர் கால்பந்தில் இந்தியா அதன் பின்னர் தங்கம் எதையும் வென்றதில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை ரஹீமின் வாழ்க்கையே ஓரளவுக்கு விளக்குகிறது.

நிஜாம் ஆட்சியில் பிறந்தவர்: 1909-ம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, நிஜாம் ஆட்சியின் கீழ் இருந்த ஹைதராபாதில் ரஹீம் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்ற பின்னர், பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பு அவர் வசம் வந்தது. உள்ளூர் அணிகளில் நன்கு விளையாடியவர் என்றபோதிலும், ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழைக் காட்டிலும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவராக அவர் அடைந்த புகழே பெரிது.

1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலராகப் பொறுப்பேற்ற ரஹீம், மறையும் வரை இருபது ஆண்டுகள் அப்பொறுப்பில் நீடித்தார். அந்த இருபது ஆண்டுகளில் ஹைதராபாதின் அரசியல் முகவரி இருமுறை மாறியது. 1948 செப்டம்பர் 13-ல் தொடங்கிய ராணுவ நடவடிக்கை, ஐந்தே நாள்களில் நிஜாமின் ஆட்சிக்கு முடிவு கட்டியது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்று, ஹைதராபாத் மாநிலமே வரைபடத்திலிருந்து மறைந்தது. அதன் தெலுங்குப் பகுதி ஆந்திரப் பிரதேசத்துடனும், மராத்தி, கன்னடப் பகுதிகள் அண்டை மாநிலங்களுடனும் இணைக்கப்பட்டன. ஆனால், தேசிய அளவிலான சந்தோஷ் கோப்பையை 1957-ல் இரண்டாவது முறையாகத் தொடர்ந்து வென்ற அணி ஹைதராபாத் என்ற பெயரிலேயே களமிறங்கியிருந்தது.

காவல்துறை அணியின் எழுச்சி: ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராக 1950-ல் ரஹீம் பொறுப்பேற்றார். ராணுவ நடவடிக்கையின் வடு ஆறாத நகரம் அது. அங்கிருந்து புறப்பட்ட காவலர் அணி, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. அப்போது தில்லியில் நடைபெற்றுவந்த டூராண்ட் கோப்பையையும் பலமுறை கைப்பற்றியது. கொல்கத்தா அணிகளே கோலோச்சி வந்த இந்தியக் கால்பந்தில், தெற்கிலிருந்து எழுந்த இந்தச் சவாலை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ரஹீமின் பயிற்சி முறைகள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பாடத்திட்டத்தைப் போன்றவை. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரணியினரை ஏய்த்து ஓடும் பழக்கத்தை மாற்ற, அவ்வாறு ஓடுவதற்குத் தடை விதித்துத் தனிப் போட்டிகளையே நடத்தினார். வலது கால் பழக்கமுள்ளவர் இடது காலாலும், இடது கால் பழக்கமுள்ளவர் வலது காலாலும் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் வேறு போட்டிகள் நடைபெற்றன. பந்து காலில் நிற்கும் நேரம் குறைந்தது. சக வீரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அனுப்பும் பழக்கம் வளர்ந்தது. செலவு ஏதுமின்றி, மைதானமும் பந்தும் மட்டுமே கொண்டு ஒரு தலைமுறையின் ஆட்ட முறையை அவர் மாற்றினார்.

வெறுங்காலும் பத்து கோல்களும்: முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச்சில் புது தில்லியில் நடைபெற்றபோது, இந்திய அணியின் பயிற்சியாளராக ரஹீம் இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்ற கோல் கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. வெற்றி கோலை அடித்தவர் மேவாலால். நிஜாமின் ஆட்சி முடிவுற்று மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், ஹைதராபாதைச் சேர்ந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவரிடம் மூவர்ணக் கொடியின் கீழ் ஆடும் அணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

அடுத்த ஆண்டே பெருந்தோல்வி காத்திருந்தது. 1952 ஜூலை 15 அன்று, ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் இந்தியா வீழ்ந்தது. இந்திய வீரர்களில் பலர் காலணி அணியாமல் வெறுங்காலுடன் விளையாடினர். ஐரோப்பியக் குளிரிலும் ஈரத் தரையிலும் அது எடுபடவில்லை. அந்தத் தோல்விக்குப் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது. தோல்வியால் துவண்டுவிடாத ரஹீம், ஐரோப்பிய அணிகளின், குறிப்பாக அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின், ஆட்ட அமைப்பை ஆழ்ந்து ஆராய்ந்தார். முன்கள வீரர் ஒருவரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, நடுக்களத்துக்கும் தாக்குதல் வரிசைக்கும் இடையே நிறுத்தும் முறையை இந்திய வீரர்களுக்குப் பழக்கினார்.

மெல்போர்ன் சாதனை: அதன் பலன் நான்கு ஆண்டுகளில் தெரிந்தது. 1956 டிசம்பர் 1 அன்று, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே இந்தியா 4-2 என்ற கணக்கில் தோற்கடித்தது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசௌசா மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. மற்றொரு கோல், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியுடையது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமை அன்று இந்தியாவுக்குக் கிடைத்தது.

டிசம்பர் 4-ல் நடைபெற்ற அரையிறுதியில் எதிரணி மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா என்றாலும், முடிவில் 1-4 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காவது இடத்துடன் திரும்பியது. ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கிய நாடு, நான்கே ஆண்டுகளில் அதே எதிரணிக்கு எதிராக முன்னிலை பெறும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த அணியில் ஹைதராபாதிலிருந்து சென்றவர்கள் பலர். அஜீஸுத்தீன், லத்தீப், நூர் முகமது, சுல்பிகாருத்தீன், பலராம், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஆகியோர் ஏதேனும் ஒரு கட்டத்தில் ரஹீமின் கண்பார்வையில் வளர்ந்தவர்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்ற இந்தியா, பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது. அதன் பின்னர் இன்று வரை ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெற்றதில்லை.

ஜகார்த்தாவில் அரசியல் புயல்: 1962-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியை அரசியல் சூழ்ந்தது. அரபு நாடுகளின் நட்பையும் சீனாவின் நட்பையும் பெரிதாகக் கருதிய அதிபர் சுகர்ணோவின் அரசு, இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு அனுமதி மறுத்தது. இதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினர் குரு தத் சோந்தி. உறுப்பு நாடுகளை விலக்கிவிட்டு நடத்தப்படும் போட்டிக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற பெயர் பொருந்தாது என்பது அவரது நிலைப்பாடு. ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற கருத்துக்கே வித்திட்டவர் அவர்.

விளைவு விபரீதமாயிற்று. செப்டம்பர் 3 அன்று ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகம் கும்பலால் தாக்கப்பட்டது. சோந்தி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இந்தோனேசியாவின் விடுதலைக்குத் துணைநின்ற நாடு இந்தியா. 1955-ல் பாண்டுங் மாநாட்டில் நேருவும் சுகர்ணோவும் ஒரே மேடையில் நின்றவர்கள். ஏழே ஆண்டுகளில் நட்பு இந்த நிலைக்கு வந்திருந்தது. மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டம்.

சிகிச்சையைத் தள்ளிவைத்த மனிதர்: அப்போது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர். நோயின் தளர்ச்சியுடனேயே அணியை அவர் ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று அணி தோற்றது. தாய்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் வெற்றி கிடைத்தாலும், தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங் தலையில் காயமடைந்தார். ஜப்பானை 2-0 என்று வென்று அணி அரையிறுதிக்கு முன்னேறியது.

இங்குதான் ரஹீம் துணிச்சலான முடிவை எடுத்தார். தலையில் தையல் போடப்பட்டிருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பு வரிசையில் நிறுத்துவதற்குப் பதிலாக, முன்கள வீரராக இறக்கினார். தெற்கு வியத்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடிக்க, 3-2 என்று இந்தியா வென்றது. ஜர்னைல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள லயால்பூர் பகுதியில் பிறந்து, பிரிவினையின்போது அகதியாக இந்தியா வந்தவர்.

செப்டம்பர் 4 அன்று, சேனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர். இந்திய வீரர்களின் ஒவ்வொரு அசைவுக்கும் கூச்சல் எழுந்தது. தேசிய கீதம் ஒலித்தபோதும் அது அடங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் எழுப்பியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பதை இந்திய வீரர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வீழ்த்திய அதே தென் கொரியா.

இறுதி ஆட்டத்துக்கு கோல்கீப்பராக பீட்டர் தங்கராஜை ரஹீம் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணுவப் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர் தங்கராஜ். 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். கடைசி நிமிடங்களில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜும், அருண் கோஷ் உள்ளிட்ட தடுப்பாட்டக்காரர்களும் இடம் தரவில்லை. 2-1 என்று வென்ற அணிக்கு, சுனி கோஸ்வாமியின் தலைமையில், தங்கம் கிடைத்தது.

வங்காளிகள், ஹைதராபாத்காரர்கள், பஞ்சாபின் சீக்கியர், தமிழ்ப் பெயர் தாங்கிய கோல்கீப்பர் எனப் பலரையும் ஒரே அணியாகப் பிணைத்தவர் ரஹீம். தூதரகம் தாக்கப்பட்ட ஊரில், தாக்குதல் நிகழ்ந்த மறுநாளே, மூவர்ணக் கொடி உயரே ஏறியது. ஆறு வாரங்கள் கழித்து, அக்டோபர் 20-ல் சீனப் படையெடுப்பு தொடங்கியபோது, கால்பந்து வெற்றியைப் பற்றிப் பேசும் நிலையில் தில்லி இல்லை.

பாடம் தொடரவில்லை: 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவரது மகன் சையது ஷாகித் ஹக்கீம், விமானப் படையில் பணியாற்றி, சர்வதேச நடுவராக உயர்ந்து, 2017-ம் ஆண்டுக்கான தியான்சந்த் விருதைப் பெற்றார். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை மத்திய அரசு 1985-ல்தான் ஏற்படுத்தியது. அதற்குள் ரஹீம் மறைந்து 22 ஆண்டுகள் கடந்துவிட்டன. 2024-ல் வெளியான ஹிந்தித் திரைப்படம் ஒன்றின் வாயிலாகவே புதிய தலைமுறையினர் பலர் அவரது பெயரை அறிந்தனர்.

பயிற்சியாளர்களை உருவாக்குவதற்கான தேசிய நிறுவனம் 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்டது. ஆனால், ரஹீமின் வீரர்கள் எழுந்தது பள்ளி மைதானங்களிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும். அரசமைப்புச் சட்டப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் இடம்பெறும் பொருள். பள்ளிக்கு மைதானம் அமைப்பதும் அங்கே உடற்கல்வி ஆசிரியரை நியமிப்பதும் மாநில அரசுகளின் கையில் உள்ளன. மத்திய அரசின் கவனமோ பெரும்பாலும் சம்மேளனங்களின் மீதே இருந்து வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் சம்மேளனங்களின் தேர்தல், நிர்வாகம், வழக்குகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவே முனைகிறது. அது தேவையான சட்டம்தான். ஆனால், இடது காலால் பந்தை உதைக்க ஒரு சிறுவனுக்குக் கற்றுத்தரும் ஆசிரியரை அது உருவாக்கிவிடாது.

ரஹீம் மறைந்தபோது அவரது குறிப்புகளும் முறைகளும் ஒரு பாடத்திட்டமாகத் தொகுக்கப்பட்டு நாடு முழுவதும் சென்றிருக்குமானால், ஜகார்த்தாவின் தங்கம் தொடக்கமாக அமைந்திருக்கக்கூடும். ஒரு தனிமனிதரின் திறமையை நம்பியிருந்த அமைப்பு, அவர் போனதும் நின்றுவிட்டது. நாளை ஆசிரியர் தினம். தில்லியில் வழக்கம்போல் நல்லாசிரியர் விருதுகள் வழங்கப்படும். நாட்டின் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை காலியாக உள்ளன என்ற கேள்வியையும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் எழுப்புவார்களேயானால், அதுவே அந்த ஹைதராபாத் ஆசிரியருக்குச் செலுத்தும் உரிய மரியாதையாக இருக்கும்.