தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து நெல் விளைக்கும் தஞ்சை நாட்டில் நெல்லோடு இசையும் விளைந்தது என்பது யாவரும் அறிந்த செய்தி. திருவையாறும் திருவாரூரும் பாடல் இயற்றிய பெரியோரால் பெயர்பெற்றவை. தஞ்சை நகரமோ பாடுவோரால் மட்டுமன்றி, பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் தச்சராலும் பெயர்பெற்றது. அந்நகரில் வாழ்ந்து, இசையைக் கணக்கிட்டு, அக்கணக்கைச் சபை நடுவே பாடுவித்தும் வாசிப்பித்தும் சோதித்த ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம்.

இவ்விழைவுக்கு ஒரு காரணம் உண்டு. இக்காலத்து மாணவர் கணிப்பொறியை மேடைமேல் வைத்து, அதினின்று சுரங்களை எழுப்பி, அவற்றோடு பாடியும் அவற்றைக் கேட்டும் மகிழ்கின்றனர். அப்பொறிக்குச் செவி இல்லை. சட்சம் இத்தனை, பஞ்சமம் இத்தனை என்று முன்னரே எவரோ எண்ணால் வரையறுத்து வைத்தாலன்றி அதனிடத்து ஒரு நாதமும் பிறவாது. ஆகவே, சுரத்தை எண்ணால் அளக்க இயலுமா, அளந்த எண்ணைச் செவி ஒப்புமா என்னும் வழக்கு இன்று ஒவ்வொரு மேடையிலும் மறைவாக நடந்துகொண்டே இருக்கின்றது. அவ்வழக்கைத் தஞ்சையில் வெளிப்படையாக எடுத்து நடத்தியவர் ஆபிரகாம் பண்டிதர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில், கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். அவ்வூரிலேயே சடையாண்டி பட்டர் என்பாரிடம் பிடில் வாசிக்கக் கற்றார். மருத்துவத்திலும் அவருக்கு இளமையிலேயே நாட்டம் இருந்தது. மூலிகை தேடிச் சுருளி மலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் சித்தரைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டார். பிற்காலத்தில் தாம் செய்தவற்றுக்கெல்லாம் அக்குருவின் பெயரையே சார்த்தினார். மருந்துச் சாலைக்கும், தோட்டத்துக்கும், இசை நூலுக்கும் கருணை என்னும் சொல் முன்னிற்பது இதனாலேதான்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண் பாடசாலையில் ஆசிரியராயினர். 1890இல் அவ்வேலையை விட்டு முழு நேரமும் வைத்தியத்தில் இறங்கினார். அவருடைய கோரோசனை மாத்திரை பெரும்புகழ் எய்தியது. நகருக்கு வெளியே அவர் அமைத்த மூலிகைத் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். 1909இல் அரசினர் ராவ் சாகிப் பட்டம் அளித்தனர். மருந்தால் வந்த பொருள் அவரிடம் தங்கவில்லை. வந்தவழியே இசைக்குச் சென்றது.

நிற்க. அக்காலத்துத் தஞ்சையின் நிலையைச் சற்று நினைத்தல் வேண்டும். 1855இல் மராட்டிய அரசு முடிவெய்தியபின், அரண்மனையை நம்பியிருந்த வித்துவான்களுள் பலர் மைசூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பிரிந்து சென்றனர். எஞ்சியோர் கோயிலையும் மிராசுதாரையும் நம்பி வாழ்ந்தனர். பாட்டு இருந்தது, பாட்டின் இலக்கணத்தைப் பலர் கூடி ஆராய்தற்கு இடமில்லை. பண்டிதர் முதலிற் செய்தது மாணவர்க்கு உதவும் சிறு பணியே. இசை கற்கும் பிள்ளைகள் பொருளறியாத பிறமொழிச் சொற்களை உருவேற்றுவதைக் கண்டு, தமிழிலேயே கீதங்களை இயற்றிச் சுரக் குறிப்போடு 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்று வெளியிட்டார். இவ்வாறு பாடம் எழுதப் புகுந்தவர்க்கு ஒரு கேள்வி எழுந்தது. ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் எத்தனை? நூல்கள் 22 என்கின்றன. கையிலிருக்கும் வீணையோ அவ்வாறு சொல்லவில்லை.

இவ்விடத்தில் வீணையைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சை வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படும். இவ்வமைப்பு இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். ஒரு தந்தி இரண்டு ஸ்தாயி பேசுமாதலின், ஸ்தாயிக்கு 12 மெட்டு என்றாகும். மெழுகு இறுகுமுன் ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி, தந்தியை மீட்டிக் கேட்டு நிறுத்துவர். அங்கே அளவுகோல் செவியேயன்றி வேறில்லை. அச்செவி எந்தக் கணக்கைக் கேட்கின்றது என்பதே பண்டிதருடைய ஆராய்ச்சி.

கணக்கு அரிதன்று, கணிதம் கற்கும் மாணவர் ஒரு நாழிகையிற் போட்டுப் பார்க்கலாம். சட்சம் வினாடிக்கு 240 துடிப்பாயின், மேற்சட்சம் 480. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமம், அதாவது 360. இனி அப்பஞ்சமத்தைச் சட்சமாகக் கொண்டு அதற்குப் பஞ்சமம், அதற்கும் பஞ்சமம் என 12 முறை ஏறினால், ஏழாம் ஸ்தாயிக்கு அப்பாலுள்ள சட்சத்தில் வந்து சேர்தல் வேண்டும். ஏழு ஸ்தாயி என்பது 128 மடங்கு. 12 பஞ்சமமோ ஏறக்குறைய 129.75 மடங்காகின்றது. வட்டம் கூடவில்லை, சிறிது விலகி நிற்கின்றது. கிரேக்கர் முதல் எல்லா நாட்டாரும் இடறிய கல் இதுவே. சீனத்து இளவரசர் சூ சாய்யூ 1584லேயே, ஸ்தாயியை 12 சமபங்காக்கி இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கக் கணக்கிட்டார். பின்பு ஐரோப்பியப் பியானோவும் அவ்வழியையே பற்றியது.

பண்டிதர் பியானோவைப் பார்த்து இதனைச் சொன்னாரல்லர். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபின், அந்நூலும் அதன் உரைகளும் கூறும் இசையிலக்கணத்தை அறிஞர் யாவரும் பயிலலாயிற்று. ஏழு சுரங்களை ஏழு ஆய்ச்சியராக வட்டத்தில் நிறுத்தியாடும் குரவையையும், பன்னிரண்டு இராசிகளில் சுரங்களை வைக்கும் முறையையும் பண்டிதர் ஊன்றிக் கற்றார். வட்டமாயின் அது கூடியே தீரவேண்டும் என்பது அவர் துணிபு. ஆதலின் ஆயப்பாலையில் ஸ்தாயி 12 சமபங்கு, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என வகுத்தார். ஒரு சுரத்தின் துடிப்பெண்ணை 1.05946 ஆல் பெருக்கினால் அடுத்த சுரமும், 1.0293 ஆல் பெருக்கினால் அடுத்த சுருதியும் கிடைக்கும். 240இன் மேலுள்ள முதற் சுருதி 247.03 என்று வரும். இத்தகைய கணக்குகளைப் பொறியொன்றும் இல்லாத காலத்தில் கையாற் போட்டு, பக்கம் பக்கமாக அட்டவணை நிரப்பினார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் ஒரு கணக்கர் மட்டுமே. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்து, பன்முறை மாநாடு கூட்டி, தம் கொள்கையை அவர்முன் வைத்தார். மறுப்போர் மறுக்கலாம், ஆனால் பாடியும் வாசித்தும் மறுத்தல் வேண்டும்.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட்டின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. அதனைக் கூட்டுவித்ததில் பாத்கண்டே முதன்மையானவர். அங்கே பம்பாய் மாகாணத்து நீதிபதியாயிருந்த கிளெமெண்ட்ஸ் துரையும், தேவல் என்பாரும், 22 சுருதிக் கொள்கைப்படி அமைப்பித்த ஹார்மோனியத்தைச் சபைமுன் வைத்தனர். பண்டிதர் கொண்டுபோனது வேறு வகை. தம் குடும்பத்துப் பெண்மக்களை உடன் அழைத்துச் சென்று, அவர் வீணை வாசிக்கவும் பாடவும், தம் 24 சுருதிகளைச் செவிக்குக் காட்டினார். குடும்பப் பெண்கள் பொதுச்சபையில் பாடுதல் அரிதாயிருந்த காலம் அது. தம் கணக்கின் மெய்ம்மையை வேறெவர் குரலிலும் வையாமல் தம் வீட்டார் குரலில் வைத்தார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது. எதிர்க்கட்சியாரோ தம் கொள்கையை விட்டிலர்.

அடுத்த ஆண்டில், அதாவது 1917இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்திருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அப்பெருநூலைத் தஞ்சையிலேயே தமது லாலி மின்சார அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். அச்சுக்கூடத்தின் பெயர் சென்னைக் கவர்னராயிருந்த லாலி துரையை நினைந்து இட்டது. எண்கள் நிறைந்த நூலுக்குப் பிறர் அச்சகத்தை நம்பாது தாமே அச்சகம் வைத்தமை அவருடைய இயல்புக்கு ஒத்ததே.

இனி அவர் கொள்கை வென்றதா என்பதைப் பார்ப்போம். ஒருவகையில் வென்றது எனலாம். 1983இல் மின்னிசைக் கருவிகளும் கணிப்பொறிகளும் தம்முள் பேசிக்கொள்ளுதற்கென மிடி என்றொரு முறை வகுக்கப்பட்டது. தமிழில் வறுமையைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராய் வாய்த்தது நகைப்புக்குரியது, ஒருவகையிற் பொருத்தமுங்கூட. அம்முறை சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் கொடுக்கின்றது. ஸ்தாயிக்கு 12 எண். வேறு கட்டளை இடாதவரை கருவிகள் அவற்றைச் சமபங்காகவே ஒலிக்கின்றன. ஆயப்பாலைக்குப் பண்டிதர் சொன்ன கணக்கே இது.

ஆயினும், தம்பூராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கணிப்பொறியை வாசித்துப் பாருங்கள். சட்சம் 240 ஆயின் தம்பூராவின் பஞ்சமம் 360. பொறியின் பஞ்சமம் 359.6. அவ்வேறுபாடு இரண்டு நாதமும் சேர்ந்தொலிக்கையில், ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒருமுறை மெல்ல எழுந்து விழும் அலையாகக் கேட்கும். அதனையாவது பொறுக்கலாம். அந்தரகாந்தாரத்தைத் தம்பூரா தானே 300இன் வழியில் ஒலிக்க, பொறி 302.4 என்று ஒலிக்கும். பழகிய செவி உடனே முகஞ்சுளிக்கும். பாடுவோர் தம்பூராவையே தொடர்வர். ஆகவே சமபங்கே நம் இசையின் முழு உண்மை என்ற பண்டிதரின் முடிவை நாம் ஒப்புதற்கில்லை. ஆனால் 22 என்போர்க்கும் இதனால் வெற்றி இல்லை. பாடகர் குரலைக் கணிப்பொறி கோடாக வரைந்து காட்டுமிடத்து, தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் புள்ளியாகத் தோன்றாமல், மேலுங்கீழும் அசையும் அலையாகத் தோன்றுகின்றது. அலைக்கு எண் ஒன்றா, பலவா? 24 போதாதென்று பண்டிதர் 48க்கும் 96க்கும் சென்றமை இவ்வசைவை எவ்வாறேனும் பிடிக்க முயன்றதேயாம் என்று நமக்குத் தோன்றுகின்றது. கணிப்பொறியில் சுரத்தை வளைத்தற்கென்று 16,384 படிகள் வைத்திருப்பவரும் அதே முயற்சியில் இருப்பவரே.

பண்டிதர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காலமானார். தம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். தஞ்சையில் ஒரு சாலை அவர் பெயரால் வழங்குகின்றது. கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம், அவர் மறைந்து 27 ஆண்டு கழிந்தபின், 1946இல் வெளிவந்தது. மறு ஆண்டு, அதே தஞ்சையிலிருந்து, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலை வெளியிட்டனர். அதன் அரங்கேற்றம் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நிகழ்ந்தது. அடிகளும் சிலப்பதிகாரத்தையே பற்றிக்கொண்டு, கணக்கையும் விடாமல் ஆராய்ந்து, அலகு 22 என்றே முடிவு செய்தார்.