சொரேஸ் பள்ளியின் தந்தை லக்கோர்தேர்

ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். நாம் தெரிந்துகொண்டவரோ புனிதர் பட்டம் பெறாதவர். குருமடத்தில் நாம் படித்த காலத்தில், பிரசங்கக் கலையைப் பற்றிய பாடத்தில் மட்டுமே சங்கைக்குரிய லக்கோர்தேர் சுவாமியின் பெயரைக் கேட்டோம். அவர் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் விடுதிப் பள்ளி நடத்தினார் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தோம். பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் நம் பங்கிலும் பலர் உள்ளமையால், அவரைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

லக்கோர்தேர் 1802ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் பிறந்தார். மருத்துவரான தந்தை, மகனுக்கு நான்கு வயதிருக்கும்போதே இறந்தார். பக்தியுள்ள தாயார் வளர்த்த அப்பிள்ளை, திஜோன் நகர அரசுப் பள்ளி விடுதியில் சேர்ந்த பின் விசுவாசத்தை இழந்தான். பாடம் இருந்தது, பரிசு இருந்தது. ஆன்மாவைக் கவனிப்பார் இல்லை. பாரீசில் வழக்கறிஞராக வளர்ந்து வந்தவர், 1824இல் மனந்திரும்பிக் குருமடத்தில் சேர்ந்தார். 1827இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அரசின் அனுமதியின்றி எவரும் பள்ளி நடத்தலாகாது. 1831 மே மாதம் லக்கோர்தேரும் நண்பர்களும் ஏழைச் சிறுவர் சிலரைச் சேர்த்துப் பாரீசில் பள்ளி திறந்தனர். போலீசார் வந்து மூடினர். வழக்கு மேலவை வரை சென்று நூறு பிராங்கு அபராதத்தில் முடிந்தது. அதைவிடக் கடுமையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. அவரும் லமென்னே சுவாமியும் நடத்திய பத்திரிகையின் கொள்கைகளைப் பாப்பரசர் 16ஆம் கிரகோரியார் கண்டித்தார். லமென்னே திருச்சபையை விட்டே விலகினார். லக்கோர்தேரோ பணிந்தார். தம் குருவைப் போல் மதித்தவரைப் பிரிந்து வருவது எளிதான காரியமா?

பிறகு 1835 முதல் பாரீஸ் நோத்ர தாம் பேராலயத்தில் அவர் ஆற்றிய பிரசங்கங்களும், 1839இல் சாமிநாதர் சபையில் சேர்ந்து, பிரான்சில் அழிந்துபோயிருந்த அச்சபையை மீண்டும் நிறுவியதும் யாவரும் அறிந்தவை. 1848இல் பாராளுமன்ற உறுப்பினராகிச் சில நாட்களிலேயே ராஜினாமாச் செய்தார். அது அவருக்கு ஏற்ற இடமன்று என்பதே நம் எண்ணமும்.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பாரீஸ் மேடை அவருக்கு மூடிப்போயிற்று. 1854இல், தம் 52ஆம் வயதில், தென்பிரான்சில் கருமலை என்னும் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள சொரேசுக்குச் சென்றார். அங்கே ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1682இல் தொடங்கிய பள்ளி, 1776இல் அரச இராணுவப் பள்ளியாகிப் பெயர் பெற்றிருந்தது; அவர் சென்றபோதோ நலிந்து கிடந்தது. பெரிய பிரசங்கியார் பட்டிக்காட்டில் புதைந்துபோனார் என்று வருந்தினவர்கள் உண்டு.

அவரோ மாணவரோடே வாழ்ந்தார். நீச்சல், குதிரையேற்றம், வாட்போர் ஆகிய பழைய பயிற்சிகள் தொடர்ந்தன. நன்னடத்தையிலும் படிப்பிலும் சிறந்த மூத்த மாணவரைத் தனிக் குழுவாக்கி மதிப்பளித்தார். நோத்ர தாமில் ஆயிரக்கணக்கானோர் கேட்ட குரலைச் சொரேஸ் சிற்றாலயத்தில் சிறுவர்கள் கேட்டனர். அவர்களது பாவசங்கீர்த்தனத்தையும் தாமே கேட்டார். நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. திஜோன் விடுதியில் தமக்குக் கிடைக்காத தகப்பனை, இப்பிள்ளைகளுக்குத் தாமே கொடுத்தார். அவர்கள் வயதினருக்காகக் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றி எழுதிய கடிதங்கள் 1858இல் நூலாயின.

1861 சனவரியில் பிரெஞ்சுக் கழகம் அவரை வரவேற்றது. வரவேற்புரை ஆற்றியவர் புராட்டஸ்டாண்டு கிறிஸ்தவரான கிசோ. அந்தப் பெருமையோடு பாரீசில் தங்காமல் சொரேசுக்கே திரும்பினார். உடல் தளர்ந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள், 59ஆம் வயதில், அங்கேயே உயிர் துறந்தார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் நூற்று முப்பது ஆண்டுகள் பள்ளி நடந்து, 1991இல் மூடப்பட்டது.