கிளர்ச்சியின் கடனை அடைக்க வந்த வருமான வரி: ஜேம்ஸ் வில்சனின் கல்கத்தா நாட்கள்

புதுடெல்லி: ஆண்டுதோறும் ஜூலை 24-ம் தேதியை வருமான வரித்துறை வருமான வரி தினமாகக் கொண்டாடுகிறது. 1860-ம் ஆண்டு இதே நாளில்தான் இந்தியாவில் வருமான வரிச் சட்டம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தைக் கொண்டு வந்த ஜேம்ஸ் வில்சன் அதன் பிறகு 18 நாட்களே உயிருடன் இருந்தார்.

ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் 1805-ல் பிறந்தவர் வில்சன். தந்தை கம்பளித் தொழிலில் செழித்தவர். மகனோ இளம் வயதிலேயே தொப்பி தயாரிப்பில் இறங்கி, பின்னர் லண்டனுக்குச் சென்று பெரும் பொருள் ஈட்டினார். 1837-ல் அவுரிச் சாய வணிகத்தில் ஊக முதலீடு செய்து அதில் பெரும்பகுதியை இழந்தார். ஆயினும் திவால் அறிவிக்காமல் கடன்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1843-ல் அவர் தொடங்கிய 'தி எகனாமிஸ்ட்' இதழ் இன்றும் வெளிவருகிறது. தானிய இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட வரியை ஒழிக்க வேண்டும் என்பதே அந்த இதழின் முதல் போராட்டம். 1847-ல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1853 முதல் 5 ஆண்டுகள் பிரிட்டன் கருவூலத்தின் நிதிச் செயலாளராக இருந்தார்.

வரி ஒழிப்புக்காகப் பேனா பிடித்தவரைத்தான் புதிய வரி போடுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

காலியான கருவூலம்: 1857 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசு செலவிட்ட தொகை இந்தியாவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. கம்பெனி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்தபோது, கடன் மலைபோல் குவிந்திருந்தது. 1859-60 நிதியாண்டின் பற்றாக்குறை மட்டும் 90 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இந்நிலையில் வைஸ்ராய் கானிங்கின் நிர்வாகக் குழுவில் முதல் நிதி உறுப்பினராக நியமிக்கப்பட்ட வில்சன், 1859 நவம்பர் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1860 பிப்ரவரி 18 அன்று சட்டமன்றக் குழுவில் தனது நிதி அறிக்கையை முன்வைத்தார். வருமான வரி, தொழில் உரிமக் கட்டணம், புகையிலை மீதான வரி என மூன்றையும் அதில் முன்மொழிந்தார். இறக்குமதி வரியை மேலும் உயர்த்தினால் வணிகம் சுருங்கும் என்பது அவரது கணிப்பு. நில வரி செலுத்தும் விவசாயி ஏற்கெனவே சுமையில் இருந்தார். அரசின் பாதுகாப்பால் பயன்பெற்றும் ஏறக்குறைய எதுவும் செலுத்தாத வணிகர்கள், உயர் சம்பளக்காரர்கள், பெருநிலக்கிழார்கள் பக்கமே அவர் பார்வை திரும்பியது. நிரந்தர நிலவரித் திட்டத்தைக் காட்டி வங்காள ஜமீன்தார்கள் விலக்குக் கேட்டபோது, அவர் இணங்கவில்லை. அரசர் வரி வாங்குவது இந்நாட்டு மரபுதான் என்று காட்ட மனுவின் நூலையும் துணைக்கு அழைத்தார்.

மூன்றில் அவ்வாண்டு சட்டமானது வருமான வரி மட்டுமே. ஆண்டு வருமானம் 200 முதல் 500 ரூபாய் வரை இருந்தால் 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். இந்த நான்கில் ஒரு சதவீதம் உள்ளூர்ப் பொதுப்பணிகளுக்கானது. பெரும் செல்வரைக் குறிவைத்த வரி என்றாலும், 200 ரூபாய் வரம்பு மாதம் 17 ரூபாய் சம்பாதிப்பவரையும் வலைக்குள் கொண்டு வந்தது. வில்சனின் திட்டத்தில் பலவீனமான இடம் இதுதான் என்று சொல்லலாம்.

சென்னையிலிருந்து எதிர்ப்பு: கடும் எதிர்ப்பு வெளியிலிருந்து அல்ல, அரசுக்குள்ளிருந்தே கிளம்பியது. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், லண்டன் கருவூலத்தில் வில்சனுடன் பணியாற்றியவர். பற்றாக்குறைக்கு மருந்து புதிய வரியல்ல, ராணுவச் செலவைக் குறைப்பதே என்று அவர் வாதிட்டார். ஆட்சியில் எந்தப் பிரதிநிதித்துவமும் இல்லாத மக்கள் மீது இத்தகைய வரியைச் சுமத்துவது ஆபத்து என்றும் எச்சரித்தார். வரியை விவாதித்த குழுவில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்பதை எண்ணினால், அந்த எச்சரிக்கையின் கனம் புரியும். ஆனால், தமது எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்ததை மேலிடம் பொறுக்கவில்லை. 1860-லேயே அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

வில்சன் வென்றார், அதை அனுபவிக்கத்தான் நேரமில்லை. அரசே காகிதப் பணம் வெளியிடும் திட்டம், கணக்குத் தணிக்கைச் சீரமைப்பு என அடுத்தடுத்த வேலைகள் காத்திருந்ததால், கோடையிலும் மழைக்காலத்திலும் கல்கத்தாவை விட்டு அவர் நகரவில்லை. சீதபேதியால் பாதிக்கப்பட்டு ஆகஸ்ட் 11 அன்று தமது 55-வது வயதில் உயிரிழந்தார்.

அவருக்குப் பின் வந்த சாமுவேல் லெயிங் 1862-ல் கீழ்நிலை வரியை நீக்கி, வரம்பை 500 ரூபாயாக உயர்த்தினார். ராணுவச் செலவும் பெருமளவு வெட்டப்பட்டு, வரவு செலவு ஒருவாறு சமநிலைக்கு வந்தது. டிரெவெலியன் கேட்டதும் நடந்தது, வில்சன் போட்ட வரியும் இருந்தது. பற்றாக்குறையை மூடியதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

அதற்கடுத்து நிதி உறுப்பினர் நாற்காலியில் அமர்ந்தவர் அதே டிரெவெலியன். ஐந்தாண்டுக் கெடுவுடன் இயற்றப்பட்ட வருமான வரி, அவர் காலத்தில் 1865-ல் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. நான்கே ஆண்டுகளில், 1869-ல், மீண்டும் பற்றாக்குறையைக் காரணம் காட்டித் திரும்பி வந்தது. 1886-ம் ஆண்டுச் சட்டம் அதை நிலைபெறச் செய்தது.

கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட வில்சனின் கல்லறை நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. முல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் 2007-ல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு வருமான வரித்துறை அதிகாரி.