வெர்னர் ஃபோர்ஸ்மான்: தம் இதயத்துக்குள் குழாய் செலுத்திய மருத்துவர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கழுத்திலோ காறை எலும்பின் கீழோ மெல்லிய குழாய் பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். ‘சென்ட்ரல் லைன்’ எனப்படும் மையச் சிரை வடிகுழாய் அது. அதற்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும்போது உங்களுக்கு அச்சம் எழுவது இயல்பே. அக்குழாய் செல்லும் வழியைத் தம் உடலிலேயே மெய்ப்பித்தவரின் வரலாறு அந்த அச்சத்தைக் குறைக்கும்.

ஃபோர்ஸ்மான் 1904ஆம் ஆண்டு பெர்லினில் பிறந்தார். மருத்துவப் படிப்பை முடித்து, எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தார். அவசர நிலையில் மருந்தை இதயத்துக்கு நேரடியாகக் கொண்டுசேர்க்க, மார்பில் ஊசி குத்துவதைவிடப் பாதுகாப்பான வழி வேண்டும் என்று அவர் கருதினார். முழங்கைச் சிரை அக்குள் வழியாகக் காறை எலும்பின் பின்புறம் சென்று, மேற்பெருஞ்சிரையில் கலந்து, இதயத்தின் வலது மேலறையை அடைகிறது. இவ்வழியில் குழாய் தடையின்றிச் செல்வதை அவர் முதலில் இறந்தோர் உடலில் சோதித்தறிந்தார்.

மேலதிகாரி அனுமதி மறுத்தார். எனினும் 1929இல் தம் இடக்கைச் சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்கான வடிகுழாயை 65 செ.மீ. வரை செலுத்தினார். குழாயுடனேயே எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்றார். குழாயின் முனை வலது மேலறையில் இருப்பதைப் படம் காட்டியது.

அவருக்குப் பாராட்டைவிடக் கண்டனமே மிகுதியாகக் கிடைத்தது. இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரியலுக்குச் சென்றார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் கைதியானார். அவர் தொடங்கிய முறையை அமெரிக்காவில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் வளர்த்தெடுத்தனர். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிய நகரில் சிறுநீரியல் மருத்துவராக இருந்த ஃபோர்ஸ்மான் அப்போதுதான் உலகறிந்தவரானார். 1979இல் மறைந்தார்.

அவர் நம்பிய உடற்கூற்று அறிவே இன்றும் நோயாளியைக் காக்கிறது. கழுத்தின் உட்சிரை பெரும்பாலும் கரோட்டிட் தமனியின் வெளிப்பக்கத்தில் அமைந்துள்ளது. வலப்பக்கச் சிரை ஏறத்தாழ நேராக இதயம் நோக்கிச் செல்வதால் மருத்துவர்கள் அதைப் பெரிதும் விரும்புகின்றனர். காறை எலும்பின் கீழே நுரையீரலின் உச்சி மிக அருகில் உள்ளது. அங்கு ஊசி வழிதவறினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். தொடையிடுக்கில் தமனியின் உட்புறமே சிரை உள்ளது. இந்த அமைப்பு ஆளுக்கு ஆள் சிறிது மாறுபடும். ஆகவேதான் அல்ட்ராசவுண்ட் கருவியால் சிரையை நேரில் பார்த்து ஊசி செலுத்துவதும், பின்னர் எக்ஸ்-ரே எடுத்து முனையின் இடத்தை உறுதிசெய்வதும் வழக்கமாயின.

குழாய் பொருத்தப்பட்டவருக்கு மூச்சுத்திணறல், குளிர்காய்ச்சல், கழுத்திலோ கையிலோ வீக்கம், குழாய் உள்ள இடத்தில் இரத்தக்கசிவு ஆகியவற்றில் எது தோன்றினாலும் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். குழாயை நீங்களாக அசைக்கவோ அகற்றவோ வேண்டா. எந்தச் சிரையில், எதற்காகக் குழாய் பொருத்தப்படுகிறது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதை அறிவது உங்கள் உரிமை.