சிரித்திரன் சுந்தர்

எங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சித்திரக்கதை செய்யத் தொடங்கினோம். ஒருத்தி கதை, ஒருத்தி பேச்சு, நான் படம், இன்னொருத்தி கட்டங்களுக்குள் எழுத்துப் பொறிப்பு. மூன்றாவது கட்டத்திலேயே சண்டை வந்துவிட்டது. படத்தில் தெரிவதையே பேச்சிலும் எழுதியிருந்தாள் ஒருத்தி. எழுதிய பேச்சுக்கு நான் இடம் விடவில்லை. அப்போதுதான் தமிழ் டீச்சர் பழைய 'சிரித்திரன்' இதழ்களைப் பார்க்கச் சொன்னார். நூலகம் இணையத்தளத்தில் அவை இருக்கின்றன. நாங்கள் நால்வர் பங்கு போட்டுச் சண்டை பிடித்த வேலைகளை ஒருவரே செய்திருக்கிறார் என்று அங்கேதான் அறிந்தேன்.

அவர் சி. சிவஞானசுந்தரம். சுந்தர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1924இல் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போனவர், கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தார். (இந்த வரியை வாப்பா வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. நான் கணிதப் பிரிவு.) ஆனால் அந்தப் படிப்பு வீண்போனதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தச் சுவர் தேவை, எது தேவையில்லை என்று அறிந்தவரே வீட்டுப்படம் வரையலாம். சுந்தரின் கட்டங்களிலும் வீணான கோட்டை நான் காணவில்லை. அக்காலத்தில் படத்தை உலோக 'புளொக்' ஆக்கித்தான் அச்சடிக்க வேண்டும். கோடுகள் நெருங்கினால் மை அப்பிக் கறுத்துவிடும். குறைவாக வரைவதும் ஒரு திறமைதான் போலும்.

கொழும்பில் 'தினகரன்' பத்திரிகையில் அவர் வரைந்த சவாரித் தம்பர் வாசகர்களின் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். 1960களின் முற்பகுதியில் சொந்தமாகச் சிரித்திரனைத் தொடங்கினார். அந்தப் பெயருக்குள் சிரிப்பும் கேட்கிறது, சித்திரமும் கேட்கிறது. சின்னக்குட்டி, மெயில் வாகனத்தார், மைனர் மச்சான் என்று ஒரு ஊரையே அதில் குடியேற்றினார். எனக்குப் பிடித்தவர் மிஸிஸ் டாமோடிரான். தாமோதரன் என்ற நம் பெயரை ஆங்கில நாக்கால் திருகிப் பாருங்கள், அந்த அம்மா எப்படி நடப்பார், எப்படிக் கைப்பை பிடிப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். படம் வரைய முன்னரே பெயர் பாதி வேலையை முடித்துவிடுகிறது. 'மகுடி' என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவரும் அவரே.

பின்னர் சஞ்சிகை யாழ்ப்பாணத்துக்கு இடம்மாறியது. யுத்தமும் வந்தது. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பகிடி எழுதுவது எப்படி என்று திருகோணமலையில் வளர்ந்த என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. உம்மா சொல்லும் பழைய கதைகளில் அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில்தான் வரும். சுந்தர் 1996இல் காலமானார்.

எங்கள் கதைக்காக நான் உட்துறைமுக வீதியில் மீன் விற்கும் வயதான ஒருவரை வரைந்திருந்தேன். கோணல் வாய், கிழிந்த சாரம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மிஸிஸ் டாமோடிரானைப் பார்த்தபின் அந்தப் படத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுந்தர் சிரிப்பது பகட்டைப் பார்த்து. நான் சிரித்தது கிழிசலைப் பார்த்து.

அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளே மெலிந்துவிட்டது. புதிய படத்தில் அவர் நேராக நிற்கிறார். எதிரே, இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி, விலை கூடிய கைபேசியில் கணக்குப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவள் முகம் கொஞ்சம் என்னைப் போலவே வந்துவிட்டது. இன்னும் அவளுக்குப் பெயர்தான் கிடைக்கவில்லை.