ஒளியை மருந்தாக்கிய உத்தமர்

தம் நோய் தீராதிருக்க, பிறர் நோய் தீர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பெரியோர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் டென்மார்க் தேசத்து வைத்தியரான நீல்ஸ் பின்ஸன். தோலைப் பற்றும் க்ஷயரோகத்திற்கு ஒளியையே மருந்தாக்கியவர் இவர். 1903-ஆம் ஆண்டு வைத்தியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். மறு ஆண்டே, தமது 43-ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். நாம் வைத்தியம் பயின்றவரல்லோம்; ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவர். எனினும் இப்பெரியாரின் சரித்திரம் நம் காலனிக் குடும்பங்களுக்கு நேரே பயன்படக் கூடியது என்று உணர்ந்தே, சங்கத்தின் ஆண்டு மலருக்கு இதனை எழுதத் துணிந்தோம்.

பின்ஸன் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ஆம் நாள், வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோ தீவுகளில், தோர்ஸ்ஹவன் என்னும் ஊரில் பிறந்தார். முன்னோர் ஐஸ்லாந்து தேசத்தவர். தந்தையார் அத்தீவுகளில் உயர்ந்த அரசாங்கப் பதவி வகித்தவர். அன்னையாரைச் சிறு பிராயத்திலேயே இழந்தார். மேகமும் மூடுபனியும் மிகுந்த பிரதேசம் அது. குளிர்காலத்தில் பகற்பொழுது சில மணி நேரமே நீடிக்கும். நாம் வெயிலைக் கண்டால் நிழல் தேடுகின்றோம். அங்குள்ளோர் வெயில் வந்தால் விருந்தினரைப் போல் எதிர்கொண்டு வரவேற்பர்.

டென்மார்க்கில் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டபோது, பிள்ளை நல்லவன்தான், ஆயினும் திறமையும் ஊக்கமும் போதா என்று தலைமையாசிரியர் கருதினார். பின்னர் ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் படிப்பைத் தொடர்ந்து, 1882-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயிலப் புகுந்தார். 1890-இல் பட்டம் பெற்று, அங்கேயே உடற்கூற்றுப் பகுதியில் பணி ஏற்றார். பரீட்சையில் முன்வரிசைக்கு வராத பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

மாணவராயிருந்த காலத்திலேயே அவரைக் கொடியதொரு வியாதி பற்றிக்கொண்டது. இருதயத்தைச் சூழ்ந்த உறை தடித்து இறுகி, கல்லீரலும் கெட்டு, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி அது. அதற்கு அந்நாளில் பரிகாரம் இல்லை. உடல் வெளுத்தது, எப்பொழுதும் களைப்பு. அவர் வசித்த வீடோ வடக்கு நோக்கியது. வெயில் எட்டிப் பாராதது. வெயில் பட்டால் தம் உடல் தேறக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. அதுமுதல், பிராணிகள் வெயிலை எவ்வாறு நாடுகின்றன என்று கவனிக்கலானார். கூரைமீது படுத்திருந்த பூனையொன்று, நிழல் தன்மேல் வந்து விழுந்தபோதெல்லாம் எழுந்து வெயிலுக்கு நகர்ந்து சென்றதை அவர் கூர்ந்து நோக்கினார் என்பர். நாம் பலமுறை கண்டும் காணாமற்போன காட்சிதான். அவரோ அதனைக் கேள்வியாக்கினார்.

சூரிய ஒளியில் சிவப்பு முதல் ஊதா வரை பல நிறக் கிரணங்கள் கலந்துள்ளன. ஊதாவும் அதற்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குப் புலனாகாத கிரணங்களுமே தோலைத் தாக்குவன என்று அவர் தெளிந்தார். 1893-இல், பெரியம்மை கண்டவரைச் சிவப்புத் திரையிட்ட அறையில் வைத்தால் அக்கிரணங்கள் தடைப்பட்டு வடு குறையும் என எழுதினார். அம்முறை நாளடைவில் நிலைக்கவில்லை. ஆனால் அவ்வழியே வேறோர் எண்ணம் பிறந்தது. தோலுக்குத் தீங்கு செய்ய வல்ல கிரணத்தை அளவறிந்து ஏவினால், தோலிலுள்ள கிருமியை அழிக்கலாகாதோ என்பதே அது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் லூபஸ் வல்காரிஸ் என்னும் நோய் பலரை வாட்டி வந்தது. லூபஸ் என்பது லத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும். ஓநாய் கடித்துத் தின்றாற்போல் மூக்கையும் கன்னத்தையும் உதட்டையும் அரித்துவிடுவதால் இப்பெயர் வந்தது. க்ஷயரோகக் கிருமியை 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த பின்னர், இதுவும் அக்கிருமியின் வேலையே என்று புலனாயிற்று. கத்தியால் சுரண்டினர், காரம் வைத்துச் சுட்டனர், நோய் மீண்டும் மீண்டும் தலைதூக்கியது. இந்நோய் உயிரை விரைவில் வாங்குவதில்லை, முகத்தை வாங்கிவிடும். முகம் சிதைந்தோர் வேலை இழந்து, உறவினர் கண்ணிற் படவும் கூசி, அறைக்குள் அடைந்து கிடந்தனர். இத்தகையோரையே பின்ஸன் தம் நோயாளிகளாகத் தேர்ந்துகொண்டார்.

1895-இல், கோபன்ஹேகன் மின்சார நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் அவரிடம் வந்தார். பல ஆண்டுகளாக இந்நோயால் வருந்திப் பல சிகிச்சைகளும் பலியாமல் வந்தவர். கரித்துண்டுகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து எரியும் வில்விளக்கின் ஒளியைப் பின்ஸன் அவர் முகத்தில் நாள்தோறும் பாய்ச்சினார். சில மாதங்களில் புண் பெரிதும் ஆறிற்று. மறு ஆண்டே, தனவந்தர்களின் உதவியால், கோபன்ஹேகனில் ஒளி வைத்திய நிலையம் தோன்றியது.

அங்கு நடந்த சிகிச்சையைச் சிறிது விவரிப்போம். உயரே பெரிய வில்விளக்கு எரியும். அதினின்று குழாய்கள் நான்கு புறமும் இறங்கும். ஒளியைக் குவிப்பதற்கு அக்குழாய்களில் ஸ்படிகக் கல்லாலான வில்லைகள். வெப்பத்தைத் தடுப்பதற்கு இடையே தண்ணீர். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி. அருகில் ஒரு தாதி. தாதி ஒரு ஸ்படிகத் தகட்டை நோயுற்ற இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். இரத்தம் நிறைந்த தோலினுள் இக்கிரணங்கள் ஆழ நுழையா. காதின் பின்புறம் புகைப்படக் காகிதத்தை வைத்துச் சோதித்தபோது, காதை அழுத்தி இரத்தம் விலகிய பின்னரே அக்காகிதம் கறுத்ததைக் கண்டு பின்ஸன் இதனை அறிந்தார். ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதில் ஒரு காசளவு இடமே சிகிச்சை பெறும். முகம் முழுவதும் பரவியிருந்தால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், பொறுமை வேண்டும். 1901-க்குள் சுமார் 800 பேர் அங்கே சிகிச்சை பெற்றனர். பெரும்பாலோர் குணமோ நல்ல தேர்ச்சியோ கண்டனர். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் மருமகளான அலெக்ஸாந்திரா, 1900-இல் இவ்விளக்கை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொணர்வித்தார்.

கீர்த்தி வளர வளர உடல் தளர்ந்தது. இறுதி ஆண்டுகளில் பின்ஸன் சக்கர நாற்காலியிலேயே காலங்கழித்தார். நோபல் பரிசைப் பெற நேரில் செல்லவும் உடல் இடந்தரவில்லை. பரிசுத் தொகையில் பெரும்பகுதியை வைத்திய நிலையங்களுக்கே ஈந்தார். தம் உடலையும் ஓர் ஆராய்ச்சிச் சாலையாக்கி, உணவையும் உப்பையும் நீரையும் நிறுத்துக் குறித்து, உடலில் உப்புத் தேங்குவது பற்றி 1904-இல் கட்டுரை எழுதினார். அதுவே இறுதிக் கட்டுரை. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் நாள் காலமானார்.

அவரது விளக்கு இன்று வழக்கில் இல்லை. அக்கருவியின் வில்லைகள் மிகக் குறுகிய கிரணங்களை உள்ளே விடவே இல்லை என்று டென்மார்க் ஆராய்ச்சியாளரே 2005-இல் காட்டினர். சற்று நீண்ட கிரணங்கள் கிருமியிலுள்ள ஒருவகை நிறப்பொருளைத் தாக்கி அதனை அழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மேலும், வெயிலோ விளக்கோ அளவு மீறினால் தோலிற் புற்றுநோயை வருவிக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் புண்ணை வெயிலிற் காட்டிக்கொண்டு அமர்தல் கூடாது. ஒளிக்குப் பின் மருந்துகள் வந்தன. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் நடைமுறைக்கு வந்தது. மருந்தை ஒழுங்காக உண்டால் வீட்டிலிருந்தபடியே காசநோய் குணமாகும் என்பதை நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி உலகிற்கு மெய்ப்பித்தது.

இந்நோய் நமக்கு அயலானது எனக் கருதற்க. நுரையீரலுக்கு வெளியே காணும் காசநோயில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தோலைப் பற்றியது. நம் நாட்டில் இது முகத்தில் மட்டுமன்றிக் கை, கால், பிட்டம் ஆகிய இடங்களிலும் தோன்றும். செந்நிறமோ பழுப்பு நிறமோ கொண்ட தடித்த படையாகத் தொடங்கி, ஒரு பக்கம் ஆறி வடுவாகி, மறுபக்கம் மெல்லப் பரவும். வலி மிகுதியாக இராது. ஆதலின் அசட்டையாக விட்டுவிடுகின்றோம். கழுத்துக் கட்டிகள் உடைந்து சீழ் வடியும் கண்டமாலையும் பெரும்பாலும் இவ்வினத்ததே. இதனைக் குஷ்டம் என அஞ்சி மறைப்போர் உளர். குஷ்டத்தின் தேமல் பொதுவாக உணர்ச்சியற்றிருக்கும். இப்படையில் உணர்ச்சி இருக்கும். குஷ்டமேயாயினும் அதற்கும் இன்று முழுக் குணம் உண்டு.

வைத்தியர் கண்ணாடித் தகட்டால் படையை அழுத்திப் பார்ப்பார். சிவப்பு மறைந்து, மஞ்சளும் பழுப்புமான சிறு புள்ளிகள் தெரிந்தால் ஐயம் வலுக்கும். பின்னர் சிறிது தோலை எடுத்துச் சோதிப்பர். கையில் ஊசியிட்டுப் பார்ப்பர். நுரையீரலிலும் நோய் உண்டோ என்று மார்பைப் படம் எடுப்பர். தோலிற் கிருமிகள் மிகக் குறைவாகவே இருப்பதால், ஒரு சோதனையில் அவை அகப்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. நோய் உறுதியானால் பொதுவாக 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் 4 வகை மருந்துகள், பிந்திய 4 மாதம் அவற்றுட் சில. அரசாங்க மருத்துவமனைகளில் இவை இலவசம். புண் ஆறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத நோயாக அது திரும்பக்கூடும்.

நம் புனே நகரில், அமெரிக்கா சென்று பட்டம் பெற்ற முதல் இந்திய மாதரசிகளுள் ஒருவரான டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி, க்ஷயரோகத்தாலேயே 1887-இல், 21 வயதில் மறைந்தார். வைத்தியம் கற்றவரையும் காக்க அன்று மருந்தில்லை. இன்று மருந்து இருக்கின்றது. ஸாஸூன் மருத்துவமனை நம் ரயில் நிலையத்தின் அருகிலேயே இருக்கின்றது. தடையாக நிற்பது நம் கூச்சமே. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில் வெளியே தெரிந்தால் என்னாவது என்று முந்தானையால் மறைப்பதும், மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக் காலங்கடத்துவதும், மராத்தி பேச வாராமையால் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்புவதும் நம்மவரிடையே காணும் வழக்கங்கள். மொழி தெரிந்த அன்பர் ஒருவர் உடன் செல்வாராயின், அதுவே பெரிய தொண்டாகும். இத்தொண்டினைச் சங்கத்து இளைஞர்கள் மேற்கொள்ள வேண்டுமென விழைகின்றோம்.

பின்ஸன் தம் நோயாளிகளுக்கு மருந்தாக அளித்தது ஒளி. அதனைப் பெறுவதற்கு அவர்கள் முதலிற் செய்ய வேண்டியிருந்தது, மூடிய முகத்தைத் திறந்து வெளிச்சத்திற் காட்டியதே. விளக்கு மாறிற்று, அந்த முதற்செயல் மாறவில்லை. ஆறாத புண்ணோ படையோ சில வாரங்கள் நீடித்தால் மறைக்காது வைத்தியரிடம் காட்டுவோம். தொடங்கிய மருந்தை முடிக்கும் வரை உண்போம். அதுவே அப்புண்ணியவானுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.