கட்டைக்குள் ஒளிந்த படிக்கட்டு

முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும் அந்தப் படிக்கட்டுப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நாலு பக்கமும் ஏறிக்கிட்டே போவாங்க, ஆனா கிளம்பின இடத்துக்கே வந்து நிப்பாங்க. அதை வரைந்தவர் எம். சி. எஷர். நெதர்லாந்துக்காரர். அவர் படம் மாட்டாத கணக்கு டிபார்ட்மென்ட் சுவர் உலகத்தில் குறைவு. அப்போ மனுஷன் கணக்கில் புலின்னுதானே நினைப்பீங்க? அதுதான் இல்லை!

எஷர் பிறந்தது 1898-ல், லேவார்டன் என்ற ஊரில். அப்பா சிவில் இன்ஜினியர். ஜப்பான் வரைக்கும் போய் ஆறு, துறைமுக வேலைகள் பார்த்தவர். பையனோ ஆர்னெம் பள்ளியில் கடைசிப் பரீட்சையில் ஃபெயில். கணக்கு வரவே இல்லை. உருப்படியாகக் கிடைத்தது ஒன்றுதான்: லினோலியம் தகட்டில் செதுக்கி அச்செடுக்க ஓவிய ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் டெல்ஃப்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் கொஞ்ச நாள். 1919-ல் ஹார்லெம் கல்லூரியில் ஆர்க்கிடெக்சர். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அது ஒரு வாரம்தான் நீடித்தது. அங்கே கிராஃபிக் கலை சொல்லிக்கொடுத்த சாமுவேல் ஜெசுருன் டி மெஸ்கிட்டா, இந்தப் பையன் செதுக்கி வைத்திருந்த லினோ அச்சுகளைப் பார்த்தார். நீ இந்தப் பக்கம் வந்துவிடு என்றார். 21 வயதுப் பையன் அப்பாவிடம் போய் டிபார்ட்மென்ட் மாறப் போறேன்னு சொல்லணும். அதுவும் இன்ஜினியர் அப்பாவிடம்! நம்ம ஊரில் இதற்கு எத்தனை பஞ்சாயத்து நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். அவர் அப்பா சம்மதித்தார். அதுக்கப்புறம் பல வருஷம் மகனுக்குப் பணமும் அனுப்பினார்.

சரி, போய்ச் சேர்ந்ததும் மேதையாகிவிட்டாரா? கிடையாது. மரச்செதுக்கு, அதாவது வுட்கட், முதலில் ஆளைக் குழப்பும். பேப்பரில் பென்சில் பட்ட இடம் கறுப்பு. கட்டையிலோ உளி பட்ட இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம்தான் கறுப்பு. மை மேட்டில் மட்டும்தானே ஒட்டும்? போதாக்குறைக்கு எல்லாமே இடம் வலமாகத் திரும்பி விழும். ஒரு கோடு தப்பாகச் செதுக்கினால் கன்ட்ரோல் இசட் எல்லாம் கிடையாது. நம்ம கிராஃபிக்ஸ் பேப்பருக்காவது ரப்பர் உண்டு.

கல்லூரி முடிக்கும்போது கிடைத்த மதிப்பீடும் சுமார்தான். கையில் தொழில் இருக்கு, உழைப்பு இருக்கு, ஆனால் உணர்ச்சி போதாது, ரொம்ப இறுக்கம், கலைஞன் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் என்ன செய்வார்? எஷர் தன் இறுக்கத்தை விடவில்லை. அதற்கு ஏற்ற வேலையைத் தேடிப் போனார்.

இத்தாலியில் வருஷக்கணக்காகத் தங்கி மலை ஊர்களை வரைந்தார். 1929-ல் லித்தோகிராஃப் பழக ஆரம்பித்தார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே மை உருட்டணும். தண்ணியும் எண்ணெயும் சேராது, அதனால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். முழுக்க கெமிஸ்ட்ரி! 1931-ல் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுணுக்கமாகச் செதுக்கும் வுட் என்கிரேவிங். 1946-ல், 48 வயதில், மெசோடின்ட். செம்புத் தகடு முழுக்கச் சொரசொரப்பாக்கினால் அச்சு முழுக் கறுப்பாக வரும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து எடுக்கணும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. மொத்தமே 8 படம் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மரச்செதுக்கு அச்சுகளுக்கு மெஷின்கூட வைத்துக்கொள்ளவில்லை. மை தடவிய கட்டையில் பேப்பரை வைத்து, எலும்பு ஸ்பூனால் கையாலேயே தேய்த்து எடுப்பார்.

கணக்கு எப்போ வந்தது? 1936-ல் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர் ஓடுகளை உட்கார்ந்து நகலெடுத்தார். இடைவெளியே விடாமல் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப எப்படிப் பொருந்துதுன்னு பைத்தியமாகத் தேடினார். லைடனில் நிலவியல் பேராசிரியராக இருந்த அண்ணன் படிகவியல் கட்டுரைகளைக் காட்டினார். சூத்திரம் புரியவில்லை. படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து, தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். பரீட்சையில் அவரைத் தோற்கடித்த அதே கணக்கு, கை வழியாக உள்ளே வந்தது. 1954-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு கூடியபோது, அதையொட்டி அவருடைய கண்காட்சியும் நடந்தது.

இவ்வளவும் ஆரம்பித்தது அந்த ஆசிரியரிடம்தானே. அவருக்கு என்ன ஆச்சு? மெஸ்கிட்டா யூதர். 1944-ல் நாஜிகள் அவரையும் மனைவியையும் பிடித்துக்கொண்டு போய் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். விஷயம் தெரியாமல் பார்க்க வந்த எஷர், காலியான வீட்டைத்தான் பார்த்தார். தரையெல்லாம் படங்கள் சிதறிக் கிடந்தன. முடிந்தவரை அள்ளிக்கொண்டு வந்து காப்பாற்றினார். அதில் ஒன்றில் சிப்பாயின் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. அதைத் துடைக்காமல் கடைசி வரைக்கும் தன்னிடமே வைத்திருந்தார்.

எஷர் 1972-ல் இறந்தார். கடைசி மரச்செதுக்கு, பின்னிப்பிணைந்த வளையங்களுக்குள் நெளியும் பாம்புகள், 1969-ல் செய்தது. உடம்பு சரியில்லாத நேரம், வயசு 71. மூன்று கட்டைகள், ஒவ்வொன்றையும் மூன்று தடவை திருப்பித் திருப்பி அச்சிடணும். ஒரு மயிரிழை விலகினாலும் படம் கெட்டுப்போகும்.

அடுத்த தடவை அந்தப் படிக்கட்டுப் படம் ஃபார்வேர்டில் வந்தா, லைக் போட்டுட்டு நகராதீங்க. கொஞ்சம் ஜூம் பண்ணுங்க. அதுல ஒவ்வொரு நிழலும், கணக்கில் ஃபெயிலான ஒருத்தர் கல்லில் கையால் தீட்டியது.